2019 எல்.எஸ்.யூ.: பர்ரோ ஒருவரின் வெற்றியா?

கேள்வி, 2024 ஜூலை 6

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் (பந்தைக் கையில் ஏந்தி ஆடுவது) பற்றிப் பேச்சு வந்தாலே 2019ஆம் வருட எல்.எஸ்.யூ. (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) அணியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள். 15 ஆட்டம், 15 வெற்றி, சரி. ஆனால் முந்தைய வருடம் 10-3, அடுத்த வருடம் 5-5. நடுவில் ஒரே ஒரு சீசன். அந்த சீசனில் ஜோ பர்ரோ என்ற குவாட்டர்பேக் (பந்தை வீசுபவர்) இருந்தார். அவர் போனதும் எல்லாம் போய்விட்டது. ஓர் ஆள் ஜெயித்துக் கொடுத்த கோப்பையை அணியின் சாதனை என்று கொண்டாட என்ன இருக்கிறது? லூசியானா பக்கம் இருந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜூலை 6, இரவு

பர்ரோ 2018லும் அதே அணியில்தான் இருந்தார்.

இதை மட்டும் வைத்துக்கொண்டு யோசித்துப் பாருங்கள். 2018ல் அவர் வீசியதில் 57.8 சதவீதம் கைசேர்ந்தது, 16 டச்டவுன் (பந்தை எதிரணி எல்லைக்குள் சேர்ப்பது). 2019ல் 76.3 சதவீதம், 60 டச்டவுன். அதே ஆள், அதே தோள். தலைமைப் பயிற்சியாளர் அதே எட் ஓர்ஜரான். பந்தைப் பிடித்த ஜஸ்டின் ஜெஃபர்சனும் ஜமார் சேஸும் 2018லும் இருந்தார்கள். பந்தோடு ஓடிய கிளைட் எட்வர்ட்ஸ்-ஹெலேரும் இருந்தார். ஓர் ஆளால்தான் வெற்றி என்றால் அது ஒரு வருடம் முன்பே வந்திருக்க வேண்டும்.

அந்த இரண்டு வருடமும் நான் எல்.எஸ்.யூ. இருக்கும் பேட்டன் ரூஜில் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். நாளை எழுதுகிறேன்.

ஜூலை 7

நடுவில் மாறியது என்னவென்று பார்ப்போம்.

எல்.எஸ்.யூ. காலம் காலமாக ஓடும் அணி. பந்தை ரன்னிங் பேக் கையில் கொடு, முட்டி மோதி நாலு யார்டு எடு, தடுப்பாட்டத்தை நம்பு. 2003லும் 2007லும் சாம்பியன் ஆனதும் தடுப்பாட்ட பலத்தில்தான். அந்தப் பாணி அங்கே வெறும் உத்தியாக மட்டும் இல்லை, ஊரின் பெருமையாகவே இருந்தது. பந்தை வீசி ஆடுவதை மென்மையான ஆட்டம் என்று சொல்லும் பெரியவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

இது எங்கே கொண்டுபோய் விட்டது என்றால், அலபாமாவிடம் தொடர்ந்து எட்டுத் தோல்வி. 2011 நவம்பரில் அலபாமாவின் ஊரான டஸ்கலூசாவில் எல்.எஸ்.யூ. ஜெயித்த ஆட்டத்தின் ஸ்கோர் 9-6. கூடுதல் நேரம் வரை போயும் இரண்டு பக்கமும் ஒரு டச்டவுன்கூட இல்லை. அப்போது அது நூற்றாண்டின் ஆட்டம் என்று பேசப்பட்டது. 2012 ஜனவரியில் அதே இரண்டு அணியும் நியூ ஆர்லியன்ஸ் சூப்பர்டோமில் இறுதி ஆட்டம் ஆடின. எல்.எஸ்.யூ. 0, அலபாமா 21. அந்த ஆட்டம் முழுக்க எல்.எஸ்.யூ. நடுக்கோட்டைத் தாண்டியது ஒரே ஒரு முறை. அதற்குப் பிறகு அலபாமா மாறிக்கொண்டது, வேகமான வீச்சாட்டத்துக்குப் போனது. எல்.எஸ்.யூ. மாறவில்லை. அதன் விலைதான் அந்த எட்டுத் தோல்வி.

2019 ஜனவரியில் ஓர்ஜரான் ஒருவரை வேலைக்கு எடுத்தார். ஜோ பிரேடி, வயது 29. நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் என்ற தொழில்முறை அணியில் கீழ்நிலை உதவிப் பயிற்சியாளராக இருந்தவர். வெளியே பெரிதாக யாருக்கும் தெரியாத பெயர். அவருக்குத் தந்த பொறுப்பு, வீச்சாட்டத்தை வடிவமைப்பது.

இங்கேதான் நான் சொல்ல வந்தது. ஆஃபென்ஸ் (பந்து நம் கையில் இருக்கும்போது ஆடும் ஆட்டம்) முழுவதற்கும் பொறுப்பாளராக ஏற்கெனவே ஒருவர் இருந்தார்: ஸ்டீவ் என்ஸ்மிங்கர். அறுபது வயதுக்காரர். 1970களின் பிற்பகுதியில் எல்.எஸ்.யூ.வுக்கே குவாட்டர்பேக்காக ஆடியவர். மகன் வயதில் ஒரு பையன் வந்து, இனிமேல் இப்படி ஆடலாம் என்று சொல்கிறான். எத்தனை அலுவலகத்தில் இதற்குச் சம்மதிப்பார்கள்? என்ஸ்மிங்கர் சம்மதித்தார். முணுமுணுத்துக்கொண்டு விட்டுக்கொடுத்ததாகவும் தெரியவில்லை. சேர்ந்து உட்கார்ந்து திட்டம் போட்டார்கள், ஆட்டத்தின்போது எந்த உத்தி என்று அறிவிக்கும் வேலையைப் பெரும்பாலும் அவர்தான் செய்தார். விருது மட்டும் பிரேடிக்குப் போனது. நாட்டின் சிறந்த உதவிப் பயிற்சியாளருக்கான பிராய்ல்ஸ் விருது அந்த வருடம் பிரேடிக்கு. அதில் தவறில்லை. ஆனால் என்ஸ்மிங்கர் பெயரை யாரும் சொல்லாமல் போவது எனக்கு இன்றுவரை உறுத்துகிறது.

ஜூலை 7, பிற்பகல்

விதி தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. நான்கு முயற்சிக்குள் 10 யார்டு முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி நான்கு முயற்சி. ஒவ்வொரு முயற்சியும் ஒரு டவுன். மூன்றாவது டவுனிலும் பாக்கி நிறைய இருந்தால் பெரும்பாலும் நான்காவதில் பந்தை உதைத்து எதிரணிக்கே கொடுத்துவிடுவார்கள். எல்லைக்குள் பந்தைக் கொண்டுபோனால் டச்டவுன், 6 புள்ளி. குவாட்டர்பேக் பந்தை வீசுபவர், ரிசீவர் பிடிப்பவர், ரன்னிங் பேக் சுமந்துகொண்டு ஓடுபவர். இது போதும்.

ஜூலை 9

பிரேடி அப்படி என்ன மாற்றினார் என்று கேட்டிருக்கிறார் ஒரு நண்பர். எனக்குப் புரிந்த அளவுக்குச் சொல்கிறேன்.

பந்தை ஆடக்கூடிய ஐந்து பேரையும் அகலமாகப் பரத்தி நிறுத்துவது. குவாட்டர்பேக் பக்கத்தில் யாருமே இல்லை. அவரைக் காப்பாற்ற முன்னால் ஐந்து தடியர்கள் மட்டும். பழைய எல்.எஸ்.யூ. இதைப் பார்த்தால் பைத்தியக்காரத்தனம் என்றிருக்கும், ஏனென்றால் எதிரணி ஆறு பேரை அனுப்பினால் ஒருவர் நிச்சயம் தடையில்லாமல் வந்து இடிப்பார். ஆனால் ஆறு பேர் வந்தால் பின்னால் ஓர் இடம் காலியாகும். அந்த இடம் எது என்று பந்து கைக்கு வருமுன்னே தெரிந்த குவாட்டர்பேக் இருந்தால் வருகிற ஆள் வந்து சேர்வதற்குள் பந்து போய்விடும். பர்ரோவுக்குத் தெரிந்தது. அவருடைய அப்பா ஜிம்மி பர்ரோ ஒஹையோ பல்கலைக்கழகத்தில் தடுப்பாட்டப் பயிற்சியாளராக இருந்தவர். எதிரணியின் தடுப்பை வாசிப்பதைப் பையன் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே கற்றிருப்பான்.

இதற்கு அந்த ஐந்து தடியர்கள் நின்றாக வேண்டும். நின்றார்கள். சிறந்த ஆஃபென்சிவ் லைனுக்கான ஜோ மூர் விருது அந்த வருடம் எல்.எஸ்.யூ.வுக்கு. ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரே கோப்பை. ஒற்றை ஆளின் அணி என்று சொல்பவர்கள் இந்த விருதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

ஜூலை 9, இரவு

மேலே சொன்னது வெறும் படம் வரைந்த கதையாக இருக்கிறது. ஆட்டத்தில் எப்படி இருந்தது என்று சொல்லாவிட்டால் நியாயம் இல்லை.

2019 செப்டம்பர் 7, ஆஸ்டினில் டெக்சஸுக்கு எதிராக. சீசனின் இரண்டாவது ஆட்டம். எல்.எஸ்.யூ. 37-31 என்று முன்னால் இருக்கிறது. இரண்டரை நிமிடம் போல மிச்சம். மூன்றாவது டவுன், பாக்கி 17 யார்டு. பழைய எல்.எஸ்.யூ. என்றால் ஓடிக் கடிகாரத்தைக் கரைத்து, பந்தை உதைத்துவிட்டு, தடுப்பாட்டத்தை நம்பிக் கைகூப்பி நிற்கும். நாங்கள் பத்துப் பதினைந்து பேர் ஒரு அபார்ட்மென்டில் கூடியிருந்தோம். அங்கேயே வளர்ந்த அமெரிக்க நண்பன் ஒருவன், ஓடப்போகிறார்கள் என்று சலித்துக்கொண்டே சமையலறைப் பக்கம் திரும்பினான். டெக்சஸ் ஆட்களை மொத்தமாக அனுப்பியது. பர்ரோ முன்னால் நகர்ந்து ஜெஃபர்சனுக்கு வீசினார். 61 யார்டு, டச்டவுன். நண்பன் அதைப் பார்க்கவே இல்லை, கூச்சல் கேட்டுத்தான் ஓடிவந்தான். முடிவு 45-38.

இனிமேல் இந்த அணி பயந்து ஆடாது என்று ஊர் நம்ப ஆரம்பித்தது அந்த ஒரு வீச்சில்தான். அடுத்த திங்கட்கிழமை ஆய்வகத்தில் வேறு பேச்சே இல்லை.

ஜூலை 11

ஸ்டேடியத்தைப் பற்றி எழுதச் சொல்லி இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள்.

டைகர் ஸ்டேடியத்தில் 102,321 பேர் உட்காரலாம். பேட்டன் ரூஜ் நகரத்து மக்கள்தொகையே இரண்டேகால் லட்சம் அளவுதான். எதிரே மைக் என்ற உயிருள்ள புலி ஒன்று தனக்கென்று கட்டிய வளாகத்தில் இருக்கிறது. ஆட்டத்தன்று குடும்பம் குடும்பமாக அதைப் பார்க்க நிற்பார்கள். ஆட்டம் சனிக்கிழமை இரவு என்றால் வியாழக்கிழமையிலிருந்தே பெரிய பெரிய வண்டிகள் வந்து இடம் பிடிக்கும். சனிக்கிழமை காலையில் அடுப்பு ஏற்றுவார்கள். ஜம்பலாயா, கம்போ, பொரித்த மீன். இதற்கு டெயில்கேட் என்று பெயர். டிக்கெட் இல்லாதவர்கள்கூட வருவார்கள், சாப்பிட்டுப் பேசிவிட்டு வண்டியிலேயே டிவி பார்ப்பார்கள்.

முதல் வருடம் எனக்கு விதிகூடத் தெரியாது. கூட்டத்துக்குள் நடந்து போனபோது ஒரு பெரியவர் கூப்பிட்டுத் தட்டைக் கையில் கொடுத்தார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். மாட்டிறைச்சியும் பன்றியும் சாப்பிடமாட்டேன் என்று சொன்னதும், அடுத்த தடவை எனக்கென்று தனியாகக் கோழி போட்டுச் சின்னப் பாத்திரத்தில் வைத்திருந்தார். ஃபுட்பாலை அவரிடம்தான் கற்றேன். அவர் முதலில் சொன்ன கதை 1959 ஹாலோவீன் இரவு: ஓலே மிஸ் அணிக்கு எதிராக அவர்கள் உதைத்த பந்தைப் பில்லி கேனன் பிடித்து 89 யார்டு ஓடியது, 7-3 என்று ஜெயித்தது. அந்த வருடம் கேனனுக்கு ஹைஸ்மன் கோப்பை, கல்லூரி ஆட்டத்தில் ஒரு தனி வீரருக்குக் கிடைக்கும் மிகப் பெரிய விருது. அதற்குப் பிறகு அறுபது வருடம் எல்.எஸ்.யூ. வீரர் யாருக்கும் அது கிடைக்கவில்லை.

2019 அக்டோபர் 12 ஃபுளோரிடா ஆட்டத்துக்கு மாணவர் டிக்கெட் கிடைத்தது. முதல் பாதி 21-21. இடைவேளை முடிந்ததும் ஃபுளோரிடா 28-21 என்று முன்னால் போனது. அதன் பிறகு அவர்களால் ஒரு புள்ளிகூட எடுக்க முடியவில்லை. 42-28. சத்தம் எப்படி இருந்தது என்று கேட்டால், 1988ல் ஆபர்னுக்கு எதிரான ஆட்டத்தில் கூட்டம் எழுந்து குதித்ததைப் பல்கலைக்கழகத்தின் நில அதிர்வு மானியே பதிவு செய்தது, அந்த ஸ்டேடியம்தான் இது. பக்கத்தில் இருப்பவர் பேசுவதை உதடு பார்த்துத்தான் புரிந்துகொள்ள முடியும். அன்றைக்கு வீட்டுக்கு வந்து படுத்தும் காது அடங்கவில்லை.

ஜூலை 12

"தடுப்பாட்டம் ஓட்டை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதி உண்மை, அந்தப் பாதியை ஒத்துக்கொள்கிறேன். வாண்டர்பில்ட் போன்ற பலவீனமான அணி 38 புள்ளி எடுத்தது. நவம்பர் 16ல் ஓலே மிஸ் ஓட்டத்திலேயே 400 யார்டுக்கு மேல் எடுத்தது. அதில் அவர்களுடைய குவாட்டர்பேக் ஜான் ரைஸ் பிளம்லீ மட்டும் 212. பார்க்கவே சங்கடமாக இருந்தது.

ஆனால் அதற்கு அடுத்து வந்ததைப் பாருங்கள். ஆர்கன்சா 20, டெக்சஸ் ஏ அண்ட் எம் 7, எஸ்.இ.சி. (எல்.எஸ்.யூ. ஆடும் தென்கிழக்கு லீக்) இறுதியில் ஜார்ஜியா 10. முதல் வருட மாணவன் டெரிக் ஸ்டிங்லி ஜார்ஜியாவிடமிருந்து மட்டும் இரண்டு முறை பந்தைப் பறித்தான். பின்வரிசைத் தடுப்பாளர் கிரான்ட் டெல்பிட் உடம்பு தேறி வந்தபிறகு பின்வரிசையே வேறு. அப்புறம் ஓட்டை எங்கே?

ஜூலை 12, சற்றுப் பிறகு

அலபாமா பற்றி எழுதாமலே தாண்டிவிட்டேனே என்று கேட்கிறார்கள். அதைச் சும்மா தாண்ட முடியாது.

நவம்பர் 9, அதே டஸ்கலூசா. எட்டு வருடத்துக்கு முன் 9-6. இந்த முறை எல்.எஸ்.யூ. ஜெயித்தது 46-41. இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்தாலே நடந்த மாற்றம் முழுவதும் தெரியும். இடைவேளையில் 33-13. பிறகு அலபாமா விடாமல் துரத்தி வந்தது. கணுக்கால் அறுவை சிகிச்சை முடிந்து மூன்று வாரத்தில் இறங்கிய அவர்களுடைய குவாட்டர்பேக் டுவா டங்கோவைலோவா 418 யார்டு வீசினார், அந்த மன உறுதிக்கு யாரும் தலைவணங்கலாம். ஒவ்வொரு முறை அவர்கள் நெருங்கியபோதும் எல்.எஸ்.யூ. பதில் கொடுத்தது. கொடுத்தது பெரும்பாலும் யார்? கிளைட் எட்வர்ட்ஸ்-ஹெலேர். பேட்டன் ரூஜிலேயே பிறந்து வளர்ந்தவர், ஐந்தடி எட்டங்குலம். நாலு டச்டவுன். மூன்று ஓடி, ஒன்று பிடித்து. இடுப்பளவு உயரத்தில் வந்து இடித்தவர்களையெல்லாம் இழுத்துக்கொண்டே போனார்.

ஓட்டத்தைக் கைவிட்டதால் ஜெயித்தார்கள் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கிளைட் அந்த சீசனில் 1,414 யார்டு ஓடினார். எதிரணி ஐந்து பேரைத் துரத்தி அகலமாகப் பரவியதால் நடுவில் வழி கிடைத்தது, அந்த வழியில் அவர் ஓடினார். ஓட்டம் முன்பைவிட நன்றாக வந்ததே வீச்சினால்தான்.

ஜூலை 14

டிசம்பர் 28, அட்லான்டா. அரையிறுதி. ஒக்லஹோமா.

அன்று காலை லூசியானாவின் லஃபயட்டில் ஒரு சிறு விமானம் விழுந்தது. அதில் இறந்தவர்களில் என்ஸ்மிங்கரின் மருமகளும் ஒருவர், விளையாட்டுச் செய்தியாளர், அதே ஆட்டத்துக்கு வந்துகொண்டிருந்தவர். ஆட்டத்துக்குச் சற்று முன்னால் மைதானத்தில் வைத்து ஓர்ஜரான்தான் அவரிடம் சொன்னார். என்ஸ்மிங்கர் மேலே பயிற்சியாளர் அறைக்குப் போய் உட்கார்ந்து வேலையைச் செய்தார். இடைவேளைக்குள் பர்ரோ ஏழு டச்டவுன் வீசினார், அதில் நாலு ஜெஃபர்சனுக்கு. 49-14. முடிவில் 63-28.

அந்தப் பாதியைக் கல்லூரி ஆட்டத்தின் மிகச் சிறந்த பாதி என்று எல்லாரும் எழுதுகிறார்கள், அது சரிதான். நாங்கள் அறையில் குதித்துக்கொண்டிருந்தோம். டிவியில் செய்தி சொன்ன பிறகு யாருக்கும் குதிக்கத் தோன்றவில்லை. 7ஆம் தேதி எழுதியபோது இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்து விட்டுவிட்டேன். ஆனால் அந்த மனிதரைப் பற்றிப் பேசிவிட்டு இதைச் சொல்லாமல் இருப்பது சரியில்லை.

ஜூலை 15

பர்ரோவின் 60 டச்டவுன் இன்னும் சாதனையாக நிற்கிறது என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை. அதற்கு முன் இருந்த சாதனை ஹவாயின் கோல்ட் பிரென்னன் 2006ல் வீசிய 58. பர்ரோ 60. 2021ல் வெஸ்டர்ன் கென்டக்கியின் பெய்லி ஸாப்பி 62 வீசித் தாண்டிவிட்டார். ஆனால் பர்ரோ யாருக்கு எதிராக வீசினார் என்பதையும் பார்க்க வேண்டும். ஆடிய நேரத்தில் முதல் பத்துக்குள் இருந்த ஏழு அணிகளை எல்.எஸ்.யூ. அந்த வருடம் வீழ்த்தியது: டெக்சஸ், ஃபுளோரிடா, ஆபர்ன், அலபாமா, ஜார்ஜியா, ஒக்லஹோமா, கிளெம்சன்.

ஜூலை 16

அணி, அமைப்பு, பயிற்சியாளர் என்று எழுதிக்கொண்டே போகும்போது பர்ரோவைக் குறைத்துச் சொல்வதுபோல ஆகிவிடக் கூடாது. அவரைப் பற்றிச் சில வார்த்தை.

ஒஹையோ ஸ்டேட்டில் மூன்று வருடம் உட்கார வைக்கப்பட்டவர். 2018ல் முதல் குவாட்டர்பேக் இடம் டுவேன் ஹாஸ்கின்ஸுக்குப் போகும் என்று தெரிந்ததும், பட்டத்தை முடித்துக்கொண்டு தெற்கே வந்தார். லூசியானாவுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. 2019 ஜனவரி 1, ஃபியஸ்டா பௌல், 2018 சீசனின் கடைசி ஆட்டம். எதிரணி பந்தைப் பறித்துக்கொண்டு ஓடுகிறது, பர்ரோவை எதிர்பாராத பக்கத்திலிருந்து ஒருவர் இடித்துத் தரையோடு தரையாக்கினார். எழுந்திருக்கமாட்டார் என்றே நினைத்தோம். எழுந்து வந்து நாலு டச்டவுன் வீசினார். 25 ஆட்டம் தோற்காமல் வந்த யூ.சி.எஃப். அணியை 40-32 என்று ஜெயித்தார்கள். லாக்கர் ரூமில் அவருக்கு மரியாதை வந்தது அன்றுதான் என்று நான் நினைக்கிறேன். பிரேடி வருவதற்கு முன்பே.

2019 ஹைஸ்மன் கோப்பையை வாங்கிய மேடையில் அவர் பேசியது பலருக்கும் தெரியும். தென்கிழக்கு ஒஹையோவில் ஏதென்ஸ் பக்கம் வறுமை எப்படி இருக்கிறது, பள்ளிவிட்டு வீட்டுக்குப் போனால் சாப்பாடு இல்லாத பிள்ளைகளைப் பற்றிச் சொன்னார். சொல்லும்போதே அழுதார். அதைக் கேட்ட ஏதென்ஸ்காரர் ஒருவர் நிதி திரட்டத் தொடங்கி, உள்ளூர் உணவு வங்கிக்கு 5 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. ஓட்டு எண்ணிக்கையில் முதலிடத்துக்கு 841 பேர் அவர் பெயரை எழுதினார்கள். அந்த எண்ணிக்கையைவிட இந்தப் பணம் எனக்குப் பெரிது.

அப்புறம் நவம்பர் 30. உள்ளூரில் அவருடைய கடைசி ஆட்டம். அறிமுகத்துக்கு வரும்போது சட்டை முதுகில் தன் பெயரைக் கேஜுன்கள் (லூசியானாவின் பிரெஞ்சு வம்சத்தினர்) எழுதுவதுபோல நீட்டி எழுதி அணிந்து வந்தார். நம்ம ஆளாகிவிட்டான் என்று ஸ்டேடியமே எழுந்து நின்றது. எதிரணி டெக்சஸ் ஏ அண்ட் எம். முந்தைய நவம்பரில் ஏழு கூடுதல் நேரம் போய் 74-72 என்று நம்மைத் தோற்கடித்தவர்கள். இந்த முறை 50-7. எனக்குத் தெரிந்த அந்தப் பெரியவர் அன்றைக்கு இரண்டாவது பாதி முழுக்கப் பாடிக்கொண்டே இருந்தார். கூட்டத்தில் பாட்டு யாருக்கும் கேட்கவில்லை, அவருக்குக் கவலையும் இல்லை.

ஜூலை 17

ஓர்ஜரான் பேசினால் புரிகிறதா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். புரியும், காதைக் கொஞ்சம் பழக்க வேண்டும். கரகரவென்று அடித்தொண்டையில் வரும் கேஜுன் குரல். லாரோஸ் என்ற சிற்றூர்க்காரர். பேட்டன் ரூஜ் கடைகளில் அந்தக் குரலில் வணக்கம் சொல்லாத ஆளே அந்த வருடம் கிடையாது. ஓலே மிஸ்ஸில் தலைமைப் பயிற்சியாளராக 10 வெற்றி, 25 தோல்வியோடு வேலை போனவர். அங்கே எல்லாவற்றையும் தானே பிடித்து வைத்துக்கொண்டு திட்டித் தீர்த்ததாகவும், பிறகு மாறியதாகவும் அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். தெரிந்தவனிடம் வேலையைக் கொடுத்துவிட்டு விலகி நிற்பது அவர் பட்டுக் கற்றது.

ஜூலை 19

இறுதி ஆட்டம், 2020 ஜனவரி 13. அதே சூப்பர்டோம், எட்டு வருடத்துக்கு முன் 0-21 என்று தோற்ற இடம். எதிரே கிளெம்சன், 29 ஆட்டமாகத் தோல்வி இல்லை. அவர்களுடைய குவாட்டர்பேக் ட்ரெவர் லாரன்ஸ் கல்லூரியில் தொடக்க வீரராக இறங்கித் தோற்றதே கிடையாது.

முதலில் எதுவும் நடக்கவில்லை. கிளெம்சன் ஒவ்வொரு முறையும் பந்தை எல்.எஸ்.யூ.வின் எல்லைக்குப் பக்கத்திலேயே இறக்கிவிட்டது. மூன்று முறை வரிசையாகப் பந்தை உதைத்துக் கொடுக்க வேண்டி வந்தது. இரண்டாவது கால்பகுதியில் 17-7. அந்த சீசனில் இவர்கள் பத்துப் புள்ளி பின்தங்கியதை நாங்கள் அப்போதுதான் பார்த்தோம். நியூ ஆர்லியன்ஸுக்குப் போக வசதி இல்லாததால் வளாகத்தில் கூட்டத்தோடு பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவரும் பேசவில்லை. பிறகு சேஸ் பக்கம் பந்து போக ஆரம்பித்தது. அவரைக் கிளெம்சன் ஒற்றை ஆளை வைத்து மறித்துக்கொண்டிருந்தது, அதற்கு விலை கொடுத்தது. 221 யார்டு, இரண்டு டச்டவுன். இடைவேளைக்குள் 28-17. இடைவேளைக்குப் பிறகு ஒரு முறை 28-25 வரை நெருங்கினார்கள், அவ்வளவுதான். 42-25. பர்ரோ 463 யார்டு வீசினார். ஐந்து டச்டவுன் வீசி, ஒன்று தானே ஓடினார். அதே அளவு முக்கியம், லாரன்ஸால் ஒரு டச்டவுன்கூட வீச முடியவில்லை. 12ஆம் தேதி கேட்ட நண்பருக்கு இதுவும் பதில்.

ஜூலை 20

"அப்படியென்றால் 2020ல் ஏன் 5-5?" முதல் கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார்.

யார் யார் போனார்கள் என்று பார்த்தால் போதும். 2020 டிராஃப்டில் (தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுப்பது) எல்.எஸ்.யூ. வீரர்கள் 14 பேர் தேர்வானார்கள், முதல் சுற்றிலேயே ஐந்து பேர். பர்ரோ முதல் ஆள். ஜெஃபர்சன் 22ஆவது, கிளைட் 32ஆவது. பிரேடி கரோலினா பேந்தர்ஸ் என்ற தொழில்முறை அணிக்குப் போனார். தடுப்பாட்டப் பயிற்சியாளர் டேவ் அரான்டா பேய்லர் பல்கலைக்கழகத்துக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போனார். கொரோனா வருடம் என்பதால் சேஸ் ஆடவில்லை. முதல் ஆட்டத்திலேயே மிசிசிப்பி ஸ்டேட் குவாட்டர்பேக் 623 யார்டு வீசினார், 44-34 தோல்வி.

இதை வைத்துப் பார்த்தால் உங்கள் வாதமே கவிழ்ந்துவிடுகிறது. பர்ரோ ஒருவர் போனதால் சரிந்த அணி என்கிறீர்கள். போனவர்கள் ஓர் அணி முழுவதும். 2021 அக்டோபரிலேயே ஓர்ஜரானும் சீசனோடு விலகுவது என்று முடிவாகிவிட்டது.

ஜூலை 20, இரவு

இதையும் எழுத வேண்டும். 2021 மார்ச்சில் வெளியான ஒரு சுயேச்சை விசாரணை அறிக்கை, பாலியல் அத்துமீறல் புகார்களை எல்.எஸ்.யூ. பல வருடங்களாகச் சரியாகக் கையாளவில்லை என்று சொன்னது. விளையாட்டு வீரர்கள் மீதான புகார்களும் அதில் உண்டு. புகார் கொடுத்த பெண்கள் எங்களோடு அதே வளாகத்தில் நடந்தவர்கள். இந்த சீசனை எவ்வளவு ஆசையாகப் பேசினாலும் இதை ஒதுக்கி வைத்துவிட்டுப் பேச எனக்கு மனமில்லை. இரண்டையும் சேர்த்தே நினைவில் வைத்திருக்கிறேன்.

ஜூலை 22

எந்த ஆட்டத்தை முதலில் பார்க்கலாம் என்று கேட்டவருக்கு: ஒக்லஹோமா வேண்டாம், அது ஒரு பக்க ஆட்டம். ஆபர்ன் பாருங்கள், அக்டோபர் 26, 23-20. அந்த சீசனில் எல்.எஸ்.யூ. மிகக் குறைவாகப் புள்ளி எடுத்த ஆட்டம். ஆபர்ன் முன்வரிசையில் மூன்று பேரை மட்டும் வைத்துவிட்டு மற்றவர்களைப் பின்னால் நிறுத்தி வீச்சை அடைத்தது. முதல் பாதி 10-10. அப்போது என்ஸ்மிங்கரும் பிரேடியும் என்ன செய்தார்கள் என்று கவனியுங்கள். பந்தைக் கிளைட் கையில் கொடுத்தார்கள். 136 யார்டு ஓடினார். பழைய எல்.எஸ்.யூ. ஆட்டம்தான், புதிய ஆட்களை வைத்து. முழு ஆட்டமும் இணையத்தில் கிடைக்கிறது, சுருக்கத்தைப் பார்க்காதீர்கள், மூன்றாவது கால்பகுதி முழுவதும் பாருங்கள்.